உரை எழுதத் தடை



கி.பி. 533இல் கான்ஸ்டான்டினோப்பிளில் பேரரசர் ஜஸ்டினியன் ஒரு பெருந்தொகுப்பை வெளியிட்டார். பல நூற்றாண்டுகளாக உரோமச் சட்ட அறிஞர்கள் எழுதிக் குவித்ததை ட்ரைபோனியன் தலைமையிலான குழு சலித்தெடுத்து, மூன்றே ஆண்டுகளில் 50 புத்தகங்களாகக் கோத்தது. பெயர் டைஜஸ்ட். கூடவே ஒரு கட்டளை: இதற்கு எவரும் உரை எழுதக் கூடாது. உரை பெருகினால் குழப்பமும் பெருகும் என்பது அவர் கவலை.

மேற்கு ஐரோப்பாவில் அந்த நூல் ஏறக்குறைய 500 ஆண்டுகள் படிப்பாரற்றுக் கிடந்தது. அதை எழுப்பியது எந்தப் படையும் அல்ல. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொலோனியாவில் இர்னேரியஸ் என்ற ஆசிரியர் அதைப் பாடமாக நடத்தத் தொடங்கினார். பல நாட்டு மாணவர்கள் அங்கே திரண்டார்கள். நாளடைவில் ஆசிரியருக்குச் சம்பளம் தந்தவர்களும் மாணவர்களே, வகுப்புக்குப் பிந்தி வந்தால் அவருக்கு அபராதம் போட்டவர்களும் மாணவர்களே.

பேரரசர் தடுத்ததுதான் அங்கே முழுநேரத் தொழிலாக நடந்தது. வரிக்கு வரி விளிம்பில் குறிப்பெழுதினார்கள். 13ஆம் நூற்றாண்டில் அக்கூர்சியஸ் 90,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை ஒரே உரையாகத் தொகுத்தார். உரை ஏற்காததை நீதிமன்றமும் ஏற்காது என்று பேசும் அளவுக்கு அது செல்வாக்குப் பெற்றது. படித்தவர்கள் ஊர் திரும்பி நீதிபதிகளாகவும் மன்னரின் ஆலோசகர்களாகவும் அமர்ந்தார்கள். 1495இல் ஜெர்மானிய நாடுகளுக்குப் பொதுவான உயர் நீதிமன்றம் அமைந்தபோது, நீதிபதிகளில் பாதிப் பேர் இந்தச் சட்டம் கற்றவர்களாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 1804இன் பிரெஞ்சு சிவில் சட்டத்திலும், 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டத்திலும் அந்த வகுப்பறையின் தடம் அழுத்தமாகவே இருக்கிறது.

வந்ததெல்லாம் நல்லதல்ல. மன்னன் விரும்பியது சட்டமாகும் என்ற விதியும் அதே நூலில்தான் இருந்தது. மன்னர்கள் அதை மட்டும் மறக்கவில்லை. அடிமையை உடைமையாகக் கணக்கிட்டதும் அதே நூல். இந்த இடத்தில் உரையாசிரியர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

ஹாலந்து அறிஞர்கள் இந்த உரோமச் சட்டத்தைத் தங்கள் நாட்டு வழக்கங்களோடு சேர்த்து உரோமன்-டச்சுச் சட்டம் ஆக்கினார்கள். லெய்டன் பேராசிரியர் யோகான்னஸ் வூட் டைஜஸ்டுக்கு எழுதிய உரை அதன் தூண்களில் ஒன்று. 1809இல் புதிய சட்டத் தொகுப்பு வந்ததும் ஹாலந்து உரோமன்-டச்சுச் சட்டத்தைக் கைவிட்டது. டச்சுக்காரர் கொண்டுசென்ற இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது நிலைத்துவிட்டது. கொழும்பு வழக்கறிஞர் வூட்டை இன்றும் ஆதாரமாகக் காட்டி வாதாடலாம். ஆம்ஸ்டர்டாமில் அது எடுபடாது.