ஆடுகளமும் ஓய்வும்



சம்பா அறுவடை முடிந்ததும் நமது கிராமங்களில் சடுகுடுக் கோடு கிழித்துவிடுகிறார்கள். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக இடம்பெற்ற கபடியே இது. இளைஞர்கள் இதில் முழுமூச்சாக ஈடுபடுவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், நாங்கள் செய்த ஒரு பிழையை மறைக்காமல் கூற விரும்புகிறோம்.

சித்திரைத் திருவிழாப் போட்டிக்காக எங்கள் ஊர்க் குழுவுக்கு ஒரு மாதம், நாள் தவறாமல், மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி வைத்தோம். பகலில் அவர்கள் மூட்டை சுமந்தார்கள், வரப்பு வெட்டினார்கள். அந்த உழைப்பை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. போட்டியன்று எழுவரில் மூவர் முழங்கால் வலியோடு நின்றனர். அவர்களுள் ஒருவர் அடுத்த நடவுப் பருவம் முழுவதும் கூலி வேலைக்குச் செல்ல இயலவில்லை. கோப்பை போனது பெரிதன்று. ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றது.

ஏர் பூட்டிய காலத்தில் வெயில் ஏறியதும் மாட்டை அவிழ்த்துவிட்டோம். மனிதனை அவிழ்த்துவிட மறந்தோம்!

கடும் பயிற்சியில் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. உடல் அவற்றைச் செப்பனிட்டு வலுவாக்குவது ஓய்விலும் உறக்கத்திலுந்தான். தசைவலி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளிலேதான் மிகுகிறது. மறுநாள் நலமாயிருப்பதாகத் தோன்றுவதை நம்பலாகாது. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால் அவை இன்னும் மெதுவாகவே ஆறுகின்றன. அமெரிக்காவில் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன், கடினமான நாளுக்கு அடுத்து இலகுவான நாள் என்ற முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கையாண்டார்.

இப்பொழுது நாங்கள் வாரத்தில் மூன்று நாளே கடும் பயிற்சி வைக்கிறோம். இடைநாட்களில் மெதுவான ஓட்டமும் மூச்சுப் பிடித்துப் பாடும் பழக்கமும் போதும். ஒரு நாள் முழு விடுமுறை. மூட்டை சுமந்த நாள் பயிற்சி நாளாகவே எண்ணப்படும். போட்டிக்கு முந்திய வாரத்தில் பயிற்சி பாதியாகக் குறையும். வயிறாரச் சோறும், பருப்பு, முட்டை, நிலக்கடலை இவற்றுள் கிடைத்ததும் உண்ணச் சொல்கிறோம். எட்டு மணி நேர உறக்கந்தான் கிடைப்பது அரிது. விளக்கொளியில் விடிய விடிய ஆட்டம் நடத்தி, காலையில் வேலைக்கு அனுப்புகிறோமல்லவா?

இவ்வாண்டு திருவிழாப் போட்டிக்கு அட்டவணை எழுதும் உறுப்பினர்கள், ஒரு குழு ஒரே இரவில் எத்தனை ஆட்டம் ஆடவேண்டியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.