புது வீட்டுக்குக் கையால் ஓர் அலங்காரம்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு எங்களைப் பேசச் சொன்ன விஷயம் வீட்டு அலங்காரம். கேட்டவுடனே பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா சிரித்தார். "சம்பளம் சமையலுக்கே பத்தல, அலங்காரமாம்!" என்று பக்கத்தில் சொன்னதும் எங்கள் காதில் விழுந்தது. அவர் சொன்னது சரிதான். சம்பளம் பத்தாத வீட்டில்தான் இந்தப் பேச்சு ரொம்ப அவசியம் என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லாரும். அதில் அலங்கரிக்க என்ன இருந்தது? சாமி படம், கலண்டர், கயிற்றில் தொங்கும் உடுப்பு, அவ்வளவுதான். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏழு பேர்ச் காணியில் தனி வீடு வருகிறது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் இன்னும் 10,000 என்று அறிவித்தார்கள். கிடைத்தவர்களும் உண்டு, இன்னும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு. அந்தக் கதையை இன்னொரு கூட்டத்தில் பேசலாம். இன்றைக்கு, சாவி கையில் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் பேச்சு.

550 சதுர அடி வீடு, இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. காம்பராவில் இருந்த சாமான்களைக் கொண்டுவந்து வைத்தால் ஹோல் வெறிச்சென்று கிடக்கும். பார்க்க மனசு கேட்காது. சொந்தக்காரர் வருவார்கள், பால் காய்ச்சுவோம், என்ன நினைப்பார்கள் என்று தோன்றும். அந்த நேரம் பார்த்துத்தான் தவணைக் கடைக்காரர் படியேறி வருவார். செட்டி, ஷோகேஸ், கண்ணாடி மேசை. முதலில் கொஞ்சம் கட்டினால் போதும், மிச்சத்தை மாசாமாசம் கட்டலாம் என்பார். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் ஒரு செட்டி எடுத்தது. மழைக் காலத்தில் வேலை நாள் குறைந்தது, தவணை நின்றது. அதைக் கட்ட ஒரு குழுக்கடன், அந்தக் கடனைக் கட்ட அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. கடைசியில் செட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருஷம் பிள்ளை ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை, சப்பாத்து இல்லை என்று.

இது நம்ம மலையில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல் தவித்த பெண்களுக்காக 2018 இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அந்த 12 இல் மட்டக்களப்பும் ஒன்று. அந்த மட்டக்களப்புக்குத்தான் நாங்கள் போய் வந்தோம்.

பதுளைப் பக்கத்து ஆட்களுக்கு மட்டக்களப்பு ஒன்றும் தூரதேசம் இல்லை. பேராதனையில் தொடங்குகிற ஏ-5 பெருந்தெரு நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கிச் செங்கலடியில் போய் முடிகிறது. நம்ம கொழுந்து லொறி ஓடுகிற ரோட்டிலேயே விடாமல் போனால் வாவிக்கரை. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வடக்கு, கிழக்குக்குப் போய்க் குடியேறிய நம்மவர்கள் நிறைய. உங்களில் சிலருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா, பெரியம்மா இருப்பார்கள்.

மாதர் சங்கத் தாய்மார்களோடு பஸ்ஸில் போன அந்தப் பயணத்தில் கல்லடிப் பாலம், பாடும் மீன், கடற்கரை எல்லாம் பார்த்தோம். பிள்ளைகளுக்குக் கடலை விட மனசில்லை. பாடும் மீன் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, பௌர்ணமி இரவில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காது வைக்கணுமாம். நாங்கள் பார்க்கப் போனது வேறு. ஐம்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற அந்த வாவியின் கரையில் இருக்கிற சனங்கள், முப்பது வருஷ யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்டவர்கள், திரும்பத் திரும்ப வீடு கட்டியவர்கள். புது வீட்டை அவர்கள் எப்படி வீடாக்குகிறார்கள் என்று பார்க்கத்தான் போனோம்.

திராய்மடு என்று ஓர் இடம். சுனாமியில் கரையோரம் வீடு இழந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய கிராமம். வரிசை வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகள், நம்ம புது வீடுகள் மாதிரியே. ஆனால் உள்ளே போனால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒரு வீட்டில் பழைய நைலோன் வலையை வெட்டி, முடிச்சுப் போட்டு, வெங்காயம் தொங்கவிடுகிற பையும் ஜன்னலுக்குத் திரையும் செய்திருந்தார்கள். செய்தவர் கடலுக்குப் போக முடியாத ஒரு வயசாளி. "வலை பொத்துறது கைக்குப் பழக்கம், சும்மா இருக்க ஏலாது" என்றார். இன்னொரு வீட்டில் சிரட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விளக்கு மூடி. காசு கொடுத்து வாங்கியது என்று பார்த்தால் பிளாஸ்டிக் கதிரை நாலு.

எங்கள் தாய்மார் ரொம்ப நேரம் நின்று பார்த்தது பன்பாய் வேலையை. பன் என்பது தண்ணீர் நிற்கிற நிலத்தில் வளர்கிற ஒரு வகைப் புல். அதை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்து எடுக்கிறார்கள். சிவப்பு, பச்சை, ஊதா. பிறகு தரையில் உட்கார்ந்து வெறும் கையால் பின்னுகிறார்கள். தறி கிடையாது. தமிழ்ப் பெண்களும் செய்கிறார்கள், முஸ்லிம் பெண்களும் செய்கிறார்கள். சந்தைக்குப் போகிற பாயில் இரண்டு நிறம் போதும். வீட்டுக்கென்று பின்னின பாயில் கரை முழுக்கப் பூ. ஏன் இப்படி என்று கேட்டோம். "விக்கிறதுக்கு இழைக்கிறது ஒரு விதம் மனே, நம்மட வீட்டுக்கு இழைக்கிறது வேற விதம்" என்றார் அந்த ஆச்சி. அந்தப் பூப்போட்ட பாயை மடித்துப் பெட்டியில் வைக்கவில்லை, ஹோல் சுவரில் தொங்கவிட்டிருந்தார்.

பனையோலை வேலையும் பார்த்தோம். குருத்தோலையில் மூடுபெட்டி, விசிறி, சார்வோலையில் கடகம். பிட்டு அவிக்கிற நீற்றுப்பெட்டியைக் கண்டு நம்ம அம்மாமார் இரண்டு பேர் உடனே வாங்கினார்கள். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை கொஞ்சம் தெற்கே, அம்பாறை மாவட்டத்தில். அந்தப் பக்கத்துச் சாரன் துணியின் வெட்டுத் துண்டுகளை ஒட்டித் தைத்த தலையணை உறை ஒன்றை ஒரு வீட்டில் காட்டினார்கள். கடையில் கிடைக்காத அழகு.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம். அங்கே பார்த்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து தொங்கவிட்டால் மூன்று மாசத்தில் நாறிப்போகும். அது வெயில் ஊர், நம்மது பனியும் மழையுமான ஊர். பாயைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மூங்கில் பிளாச்சு இரண்டு வைத்து, சுவருக்கும் பாய்க்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், காற்றுப் போகட்டும். வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை வெளியே போட்டுத் தட்டிக் காயவையுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் அடைமழைக் காலத்தில் கழற்றிச் சுருட்டி, அடுப்பு மேல் பரணில் வைத்துவிடுவது இன்னும் நல்லது.

சுவர் பற்றி ஒரு வார்த்தை. புதுச் சாந்து பூசின சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். குறைந்தது நாலு வாரம் காய வேண்டும், மழைக் காலமாக இருந்தால் இன்னும் கூட. அவசரப்பட்டு அடித்தால் உப்புப் பூத்து உரிந்து விழும், வாளி பெயின்ட் காசு தண்ணியில் போன மாதிரி. காசு குறைந்தவர்களுக்குச் சுண்ணாம்பே போதும். பூஞ்சணமும் லேசில் பிடிக்காது. கொஞ்சம் காவி கலந்தால் நிறமும் வரும். அடிக்கும்போது சின்னப் பிள்ளைகளைத் தூர வையுங்கள், கண்ணில் பட்டால் எரிக்கும். அதோடு, கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அலங்கார லைட் தொங்கவிட என்று அதில் ஓட்டை போடவே வேண்டாம், வாளால் அறுக்கவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. எது தொங்கவிடுவதாக இருந்தாலும் மரச் சட்டத்தில் கட்டுங்கள்.

பன்னும் பனையோலையும் இங்கே இல்லையே என்று கேட்பீர்கள். நம்மிடம் இருப்பதைப் பாருங்கள். பழைய தேயிலை பிடுங்கி மறுநடுகை செய்கிறபோது தூர் எல்லாம் விறகுக்குப் போகிறது. அந்தத் தூரைக் கழுவி, பட்டை உரித்து, கண்ணாடித் தாளால் தேய்த்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு உருவம். விளக்குத் தண்டு, பூச்சட்டி நிறுத்துகிற கால், பெரியதாக இருந்தால் சின்ன மேசைக்கு அடி. நம்ம டிவிஷனில் ஒரு தம்பி இரண்டு செய்து வைத்திருக்கிறார், போய்ப் பாருங்கள். (எடுக்க முன்னால் ஒபிஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு வீண் வழக்கு வேண்டாம்.) உரப்பை, அரிசிப் பை நூலைப் பிரித்துப் பின்னினால் கால் மிதி. உரப்பையை நன்றாகக் கழுவிய பிறகு செய்யுங்கள். பழைய சேலை இரண்டு இருந்தால் ஒரு ஜன்னலுக்குத் திரை. கிழிந்த கம்பளியை மடித்துத் தைத்தால் பலகை வாங்குக்கு மெத்தை.

கைவேலை தெரிந்தவர்கள் தோட்டத்தில் இல்லை என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். மாசி மாசம் காமன் கூத்து வந்தால் ரதிக்கும் மதனுக்கும் முடி செய்வது யார்? காவடி கட்டுவது யார்? அட்டை, ஜிகினாத் தாள், மூங்கில், பசை, இவ்வளவையும் வைத்து இரவோடு இரவாகத் தேர் ஜோடிக்கிறார்களே, அவர்கள் யார்? மட்டக்களப்பிலும் வடமோடிக் கூத்துக்கு இப்படித்தான் கிரீடமும் உடுப்பும் கையால் செய்கிறார்கள். ஒரு வீட்டில் அந்தக் கிரீடத்தைக் கூத்து முடிந்த பிறகு ஹோல் மூலையில் மேசைமேல் வைத்திருந்தார்கள், வருகிறவர்கள் எல்லாம் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். நம்ம ஆட்கள் திருவிழா முடிந்ததும் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு அது மனசுக்குக் கஷ்டம்.

நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. விடியக் காலை எழும்பி, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, தண்ணி, விறகு, சமையல். இதற்கு மேல் பொழுதுபோக்கு என்றால் சிரிப்புத்தான் வரும். நாங்கள் தினமும் செய்யச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம், அதுவும் ஆண்கள் அந்த நேரம் சோறு ஆக்க ஒத்துக்கொண்டால். (கைதட்டல்.) கைதட்டுகிறீர்கள், ஆனால் தட்டுவது எல்லாம் பெண்கள் பக்கம்தான். ஆண்கள் பக்கத்திலும் ஒரு சத்தம் வரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை விட்டு வந்ததும் தவறணைப் பக்கம் போகிற அண்ணன் ஒருவர், மகளுக்குப் படிக்கிற மேசை செய்கிறேன் என்று பழைய பலகையை எடுத்து உட்கார்ந்தார். இரண்டு மாசமாக அந்த மேசை முடியவில்லை. ஒரு கால் குட்டை, அதை வெட்ட மற்றக் கால் குட்டை. ஆனால் அந்த இரண்டு மாசமும் பின்னேரம் அவர் வீட்டில் இருக்கிறார். அவருடைய மனைவி எங்களிடம் வந்து, "ஐயா, அந்த மேசை முடியவே வேணாம்" என்று சொன்னார். மேசை இப்போதும் ஆடுகிறது, பிள்ளை அதில்தான் எழுதுகிறது.

தையல் தெரிந்த பிள்ளைகள் இதைத் தொழிலாக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஆக்கலாம், ஆனால் முதலில் உங்கள் வீட்டுக்குச் செய்யுங்கள். நாலு பேர் பார்த்துக் கேட்டால் அப்போது விலை பேசலாம். விற்பதற்கு என்று கடன் எடுத்துத் தையல் மெஷின் வாங்கி வைத்துவிட்டு, வாங்க ஆள் இல்லாமல் இருக்கிற பிள்ளைகளையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். மாதர் சங்கத்தில் ஒரு மெஷின் சும்மா கிடக்கிறது. அதில் கை பழகட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் முதல் வகுப்பு. பழைய சேலை ஒன்று, கத்தரிக்கோல், ஊசி நூல் கொண்டுவாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கொண்டுவந்த பன் கட்டு மூன்று எங்களிடம் இருக்கிறது, முதலில் வருகிற பத்துப் பேருக்குத்தான் போதும். ஆண்கள் வந்தால் தேயிலைத் தூர் தேய்க்கலாம், கண்ணாடித் தாள் நாங்கள் தருகிறோம். கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்காம்பரா அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். மழை வந்தாலும் வகுப்பு நடக்கும்.