தில்லிக்கு வரும் விருந்தினர்

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியமர்ந்துள்ள நம் இல்லங்களுக்கு ஊரிலிருந்து உற்றார் வருவது, ஆண்டுக்கொருமுறை நிகழும் திருவிழாவை ஒக்கும். வற்றலும் வடகமும் பைகளில் நிரம்பி வரும். இரண்டு வாரம் வீட்டில் தமிழ் ஓங்கி ஒலிக்கும். வந்தவர்க்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது நம் கடமை. மும்பையில் வாழும் அன்பர்கள் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தே பாதிக் கடமையை நிறைவேற்றிவிடலாம். தில்லியில் வாழும் நமக்கு அத்தகைய எளிய வழி இல்லை. ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் இரயிலில் கடந்து வருவோர் பாடநூலில் படித்த வரலாறு முழுவதையும் நான்கு நாட்களில் கண்டுவிட வேண்டுமென்று வருகின்றனர். நமக்கோ அலுவலகத்தில் அரைநாள் விடுப்புக் கிடைப்பதே அரிது. ஆகவே பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? காலையில் ஒரு சுற்றுலாப் பேருந்தில் அவர்களை ஏற்றி விட்டுவிட்டு அலுவலகம் செல்கிறோம்.

‘சுற்றுலா’ என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, கேட்போர் பொறுத்தருள்க. சுற்று வேறு, உலா வேறு. உலா என்பது தெருவோடும் மக்களோடும் கலந்து மெல்லச் செல்வது; நம் திருக்கோயில்களில் இறைவன் உலா வருவதும் அவ்வாறே. சுற்றுதலை மாடும் செய்யும், செக்கும் செய்யும். பேருந்தில் ஒரே நாளில் எட்டு இடங்களைக் கண்டு திரும்பும் நம் விருந்தினர்க்குக் கிடைப்பது சுற்றே அன்றி உலா அன்று. அவ்வாறு ஒரு நாளைக் கழித்துத் திரும்பிய நம் பெரியப்பா ஒருவர், இரவு உணவின்போது, “தம்பி, எல்லாம் செங்கல்லும் மதிலுமாத்தான் தெரிஞ்சுது, எது உமாயூன், எது சப்தர்ஜங்குன்னு இப்போ கேட்டா சொல்லத் தெரியலையே” என்றார். அவர் ஐம்பது ஆண்டுக் காலம் வரலாற்று நூல்களை விரும்பிப் படித்தவர். ஓரிடத்தில் இருபது நிமிடம் என்று கணக்கிட்டு ஊதல் ஊதி அழைத்தால் யாருக்குத்தான் நினைவில் நிற்கும்?

நாம் வேண்டுவது இதுவே: விருந்தினர்க்கு இடங்களைக் குறைத்துக் காட்டுக; அவற்றைக் கால்நடையாகக் காட்டுக; வீட்டுப் பிள்ளைகளையும் உடன் அனுப்புக. இந்த மூன்றாவது வேண்டுகோளே நமக்கு மிக முதன்மையானதாகத் தோன்றுகிறது. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளின் தெருமொழி இந்தி; பள்ளிமொழி ஆங்கிலம். தாத்தாவுக்கோ தமிழ் ஒன்றே மொழி. வீட்டினுள் இருவரும் ஒரே அறையில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் அமர்ந்திருக்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவ்விருவரையும் திறந்த வெளியில் விட்டுப் பாருங்கள். எந்த மெட்ரோ நிலையத்தில் இறங்குவது, எந்த வாயில் வழியாக நுழைவது என்பது பேரனுக்குத் தெரியும். நிற்கும் மரத்தின் பெயர் தாத்தாவுக்குத் தெரியும்.

ஆம், தில்லியின் மரங்கள் நம் மரங்களே. அக்பர் சாலையின் இரு மருங்கிலும் நிற்பவை புளிய மரங்கள். ஜன்பத் சாலையில் மருத மரங்கள். அசோகா சாலையில் நாவல் மரங்கள். வேம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டா. புதுதில்லியை வகுத்தவர்கள் சாலைக்கொரு மரமாகத் தேர்ந்து நட்டார்கள். மழைக்காலத்தில் நாவற்பழம் உதிர்ந்து நடைபாதை கருநீலமாகிவிடும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் முள்ளிலவு இலையெல்லாம் உதிர்த்துச் செம்பூவாக நிற்கும். மே மாதத்தில் சரக்கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிடும். தில்லியில் தமக்கு உறவு ஒருவருமில்லை என்று எண்ணி வந்த ஊர்ப் பெரியவர், சாலையோரத்தில் புளிய மரத்தைக் கண்டதும் தம் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார், பேரனும் கேட்கிறான்.

இனி, எங்கே அழைத்துச் செல்வது? செங்கோட்டையையும் இந்தியா வாயிலையும் எவரும் விடப்போவதில்லை. அவற்றைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டிய தேவை இல்லை. செங்கோட்டைக்கு எதிரே உள்ள சாந்தினி சௌக் கடைத்தெருவில், 2021ஆம் ஆண்டில் முடிவுற்ற சீரமைப்புக்குப் பின், பகற்பொழுதில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. முதியவர்களும் அஞ்சாமல் நடக்கலாம். இயலாதவர் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிக்கொள்ளலாம் என்பது மட்டும் அறிந்துகொள்க.

நாம் சிறப்பாகப் பரிந்துரைப்பது, பேருந்துக்காரர்கள் பெரும்பாலும் நிறுத்தாத ஓர் இடம்: பெரோஸ் ஷா கோட்லா. தில்லி வாயில் மெட்ரோ நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். பெரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையின் இடிபாடுகள் அங்கே உள்ளன. அவற்றின் நடுவே, அடுக்கடுக்காக எழும் ஒரு கட்டடத்தின் உச்சியில் ஏறத்தாழ 13 மீட்டர் உயரமுள்ள ஒரே கல்லாலான தூண் நிற்கிறது. அது அசோகச் சக்கரவர்த்தி நாட்டிய தூண். தற்போது ஹரியானாவில் உள்ள தோப்ரா என்னும் ஊரில் நின்ற அதனைத் தில்லிக்குக் கொணர்ந்தவர் பெரோஸ் ஷா.

கொணர்ந்த முறையை அக்காலத்து வரலாற்றாசிரியர் ஷம்ஸ்-இ-சிராஜ் அபிப் எழுதிவைத்திருக்கிறார். தூணைச் சுற்றிலும் இலவம் பஞ்சைக் குவித்து, அடியைத் தோண்டி, அப்பஞ்சு மெத்தையின்மேல் மெல்லச் சாய்த்தனர். பின்னர் நாணலாலும் பதனிடாத தோலாலும் அடிமுதல் நுனிவரை போர்த்தினர். 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றினர். ஒவ்வொரு சக்கரத்தின் வடத்தையும் 200 பேர் பற்றி இழுத்தனர் என்கிறார் அவர். யமுனைக் கரையை அடைந்ததும் பெரும் படகுகளில் ஏற்றித் தில்லி சேர்த்தனர். தேர் இழுத்துப் பழகிய நம் ஊர்க்காரர்க்கு இச்செய்தியைச் சொல்லிப் பாருங்கள். வடம் எத்தனை, முட்டுக்கட்டை போட்டவர் யார் என்று அவர்களே கேள்விகளைத் தொடுப்பார்கள்.

இத்துணைப் பாடுபட்டுக் கொணர்ந்த தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று கூற அந்நாளில் ஒருவரும் இல்லை. பிராமி எழுத்தை மறந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்தைப் படித்தறிந்த பின்னரே அரசரின் சொல் மீண்டும் மக்களை எட்டியது. மொழிபெயர்ப்பாளர் இல்லாத குறை எத்தகையது என்பதற்கு இதனினும் பெரிய சான்று நமக்குத் தெரிந்து வேறு இல்லை! தமிழ்நாட்டுக் குகைகளில் காணப்படும் தமிழ் பிராமி இதற்கு உறவான எழுத்தே. அசோகருடைய தூண் சாசனங்களுள் ஏழாவது இந்தத் தில்லித் தூணில் மட்டுமே உள்ளது. வழிநடப்போர்க்கு நிழல் தர ஆலமரங்களை நட்டதையும், மாந்தோப்புகள் அமைத்ததையும், கிணறுகள் தோண்டியதையும், தங்கும் விடுதிகள் கட்டியதையும் அதில் அவர் கூறுகிறார். பயணம் செய்வோர்க்காக ஓர் அரசர் செய்த ஏற்பாடுகளின் பட்டியல் பயணம் வந்தவர் கண்முன்னே கல்லில் நிற்கிறது.

அக்கோட்டையை அடுத்தே கிரிக்கெட் மைதானம். 2019ஆம் ஆண்டில் அருண் ஜேட்லி மைதானம் என்று பெயர் மாற்றம் பெற்றாலும் மக்கள் வாயில் அது இன்றும் கோட்லாதான். சுனில் கவாஸ்கர் 1983ஆம் ஆண்டில் தம் 29ஆம் டெஸ்ட் சதத்தை அடித்து பிராட்மனின் எண்ணிக்கையை எட்டியது இங்கே. 1999 பிப்ரவரி 7 அன்று அனில் கும்ப்ளே பாகிஸ்தான் அணியின் பத்து விக்கெட்டுகளையும் ஒரே இன்னிங்சில் 74 ஓட்டங்களுக்கு வீழ்த்தியதும் இங்கேதான். தூணின் கதையைத் தாத்தா கூறட்டும். கும்ப்ளேயின் கதையைப் பேரன் கூறட்டும். ஒரு காலை நேரத்திற்கு இவ்விரண்டும் போதும்.

குதுப் மினாரைப் பொறுத்தவரை முதியவர்களுக்கு ஓர் ஏமாற்றம் உண்டு. இளமையில் அதன்மேல் ஏறியவர்கள் தம் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக் காட்ட விழைகின்றனர். 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அதன்பின் ஏறுவதற்கு அனுமதி இல்லை. இரும்புத் தூணை முதுகுப்புறமாகக் கைகளால் தழுவினால் நற்பேறு என்ற பழக்கமும் 1997இல் வேலி அமைத்த பின் நின்றுவிட்டது. ஆயினும் ஏறாமலும் தழுவாமலும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மினாரைக் கண்டபின் அடுத்துள்ள மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவினுள் நடந்து செல்லுங்கள். பால்பன் கல்லறையும், ஜமாலி-கமாலி பள்ளிவாசலும், இராஜோன் கீ பாவலி என்னும் படிக்கிணறும் மரங்களுக்கிடையே ஒன்றன்பின் ஒன்றாக வரும். நிலம் மேடுபள்ளமானது, செருப்பைவிடக் காலணி நல்லது. முழங்கால் வலி உடையோர்க்கு இந்நடை வேண்டா.

அத்தகையோர்க்கு லோதித் தோட்டம் உண்டு. 1936ஆம் ஆண்டில் ‘லேடி வில்லிங்டன் பூங்கா’ என்ற பெயருடன் திறந்து, விடுதலைக்குப் பின் இப்பெயர் பெற்றது. நுழைவுக் கட்டணம் கிடையாது, சமதளமான பாதை, அமர்வதற்கு இருக்கைகள். சையது, லோதி வம்சத்து அரசர்களின் கல்லறைகளுக்கிடையே தலைநகர மக்கள் விடியற்காலையில் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், யோகாசனம் பயில்கிறார்கள். கிளிகளும் இருவாட்சிகளும் மரங்களில் கூச்சலிடும். ஒரு வாரம் தங்கும் தாயார்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் இங்கே கிடைத்தால், நான்காவது நாளில் அவரே எதிர்ப்படும் அம்மையாரைப் பார்த்துப் புன்னகை செய்யத் தொடங்கிவிடுவார். மொழி தெரியாத ஊரில் அறையிலேயே அடைந்து கிடப்போர்க்கு இது சிறிய பேறு அன்று.

இளைஞர்களுக்கு வேறு விளையாட்டுகள் இருக்கின்றன. மலையேற்றத்தில் ஆர்வமுடையோர் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் பயிற்சிச் சுவரை விசாரித்தறியலாம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகளைக் காண விரும்புவோர்க்கு அருகில் ஒக்லாவும், சற்றுத் தொலைவில் சுல்தான்பூரும் உண்டு. ஆகஸ்டு 15ஐ ஒட்டி வருவோர் பழைய தில்லியின் மொட்டை மாடிகளில் பட்டம் விடுவதைக் காணத் தவறலாகாது. ஆனால் உயிர்க்கேடு விளைவிக்கும் நைலான் மாஞ்சாவைத் தில்லி அரசு 2017இல் தடை செய்துவிட்டது. பருத்தி நூலே வாங்கித் தருக.

பருவத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியது உண்டு. நம் உறவினர் வருவது பள்ளி விடுமுறையான மே மாதத்தில். அல்லது பொங்கல் விடுமுறையில். இரண்டும் தில்லியின் கொடிய காலங்கள். மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும். ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுவதே அறிவுடைமை. நவம்பர் முதல் சனவரி வரையிலோ காற்று மாசடைந்து கிடக்கிறது. காற்றுத் தரக் குறியீட்டை நாள்தோறும் வெளியிடுகிறார்கள். அது 300ஐத் தாண்டிய நாளில் இருதய நோயும் ஆஸ்துமாவும் உடைய பெரியவர்களை அதிகாலை நடைக்கு அழைத்துச் செல்வது அன்பு ஆகாது. அந்நாளில் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். வரும் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்குமாயின், பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச்சு முடிய உள்ள ஆறு வாரங்களை இப்போதே கடிதம் எழுதிச் சொல்லிவிடுங்கள். குளிரும் கடுமையாக இராது, பூக்களும் மலர்ந்திருக்கும்.

செங்கோட்டைக்குத் திங்கட்கிழமையும் விலங்குக்காட்சிச் சாலைக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை. கோட்லாவில் வியாழக்கிழமைதோறும், அங்கே உறைவதாக நம்பப்படும் ஜின்களுக்கு வேண்டுகோள் கடிதங்களை எழுதி வைத்து அகலேற்ற மக்கள் திரளாக வருவார்கள். நெரிசலில் நடக்க இயலாத முதியவர்களை அழைத்துச் செல்வோர் வேறொரு நாளைத் தேர்ந்துகொள்க.