பகடு எங்கே?



சென்ற தவணையில் ஒருநாள் திருக்குறளின் ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தடைப்படும் இடமெல்லாம் விடாது இழுத்து வண்டியைக் கரைசேர்க்கும் எருதைப் போன்றவனிடம் வந்த துன்பம், தானே துன்பப்பட்டுப் போகும் என்பது வள்ளுவர் கருத்து. அந்த எருதுக்கு அவர் இட்ட பெயர் ‘பகடு’. பின்வாங்கில் இருந்த மாணவன் எழுந்து, “அந்த மாடு இப்ப எங்க சேர் இருக்கு?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுவயதில் கொட்டாஞ்சேனையில் மண்ணெண்ணெய் வண்டி இழுத்த மாடுகளை நான் கண்டிருக்கின்றேன். அவனோ வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளர்பவன். அவனுக்கு விடை தேடப் புகுந்த கதையையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

தமிழ்நாட்டின் திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம் என்றோர் ஊர் உண்டு. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். கொழும்பில் பெய்வதில் நாலிலொரு பங்கு. அதனருகே பழையகோட்டை. அங்குள்ள பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாட்டினத்தைப் பேணி வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அக்குடும்பத்து நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் நல்ல காளையையும் நல்ல பசுவையும் தெரிந்து இணைத்து வளர்த்த மந்தை தென்னிந்தியாவிலே பேர்பெற்றது.

இந்த இனத்துக் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, ஆறு மாதமளவில் சாம்பல் நிறமாகும். காளைக்குத் தலையும் திமிலும் கறுத்து வரும். பால் அதிகமில்லை. ஆயினும் காய்ந்த புல்லைத் தின்று, கடும் வெயிலில் நின்று, பாரம் இழுக்கும். இதன் இரகசியம் மாட்டில் மாத்திரமன்று, நிலத்திலும் உண்டு. கிளுவை முள்வேலி அடைத்த மேய்ச்சற் காணியை அங்கே ‘கொறங்காடு’ என்பர். உள்ளே வெள்வேல மரம். அதன் கீழே கொழுக்கட்டைப் புல். ஒரு காணி மேய்ந்ததும் அடுத்ததற்கு மாற்றுவர். கோடையில் வேலங்காயும் தீனியாகும். மேயும் மாடே எருவும் இடும். தண்ணீர் இறைத்துப் புல் வளர்க்கும் செலவு இல்லை.

பின்னர் உழவு இயந்திரம் வந்தது. கிணற்றடிக்கு மோட்டர் வந்தது. பாலுக்குக் கலப்பினப் பசு வந்தது. காங்கேயம் காளைக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலை போனதும் மந்தை குறைந்தது.

இதற்கு மாறான ஒரு கதையும் உண்டு. ஆந்திரத்து ஓங்கோல் மாடு 19ஆம் நூற்றாண்டிலே கப்பலேறிப் பிறேசிலுக்குப் போனது. 1962 வரையிலும் தேர்ந்த காளைகள் போயின. நெல்லூரின் பெயரால் அங்கே அதனை ‘நெலோர்’ என்கின்றனர். வெயிலும் உண்ணியும் தாங்கி, வெறும் புல்லில் வளரும் அந்த மாட்டை இறைச்சிக்காகப் பெருக்கினர். இன்று பிறேசிலிலுள்ள 20 கோடிக்கும் அதிகமான மாடுகளிற் பெரும்பகுதி அந்த இரத்தமே. 2023இல் அங்கே நடந்த ஏலத்தில் ஒரு நெலோர் பசுவின் மதிப்பு 40 இலட்சம் டொலரைத் தாண்டியது.

இவ்விடத்தில் என் மனம் இடறுகின்றது. பட்டிப்பொங்கல் பொங்கி, மாட்டுக்குப் பொட்டிட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. இறைச்சிக்கு வளர்த்தவன் நாட்டில் மாடு பெருகியது. கும்பிட்டவன் நாட்டில் அருகியது. ஆகவே இறைச்சிக்கடைதான் வழி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாற் கும்பிடு மாத்திரம் மாட்டைக் காக்காது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்கு ஒரு வேலை வேண்டும். மேய ஒரு நிலம் வேண்டும். கணக்குப் பாராமல் வளர்க்க ஒரு குடும்பம் வேண்டும். 2017இல் ஏறுதழுவலுக்காக மெரினாவில் இளைஞர்கள் கூடியபோது நாட்டுமாட்டின் பெயர் மீண்டும் ஊர்வாயில் ஒலித்தது. ஆனாற் கூட்டம் கலைந்த பிறகும் மறுநாள் மாட்டை அவிழ்த்து மேய்ச்சலுக்கு விடுபவன் அந்தக் குடும்பத்தவனே.

நிலம் என்றதும் நம் நாட்டு நினைவும் வருகின்றது. மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். அவர்களிடமும் பாட்டன், தகப்பன் வழிவந்த பட்டிகளே உள்ளன. தரை போனாற் பட்டி போகும். பட்டி போனாற் பகடு என்பது அகராதிச் சொல்லாக மட்டும் எஞ்சும்.

“பகடு, மேய்ச்சல் நிலம் இருக்கும் இடத்தில் இருக்கிறது தம்பி” என்று அந்த மாணவனுக்குச் சொன்னேன். “எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவீங்களா சேர்?” என்றான். அடுத்த விடுமுறையில் மட்டக்களப்புக்குக் கூட்டிச் செல்வதாக வாக்களித்துள்ளேன். நாங்கள் போய்ச் சேரும்போது அங்கே பட்டி இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுதல்.