தைலம் எல்லாம் ஒன்றல்ல



எலுமிச்சைப்புல் பயிரிடுவோரும், உதகை சென்று திரும்பும்போது யூகலிப்டஸ் தைலம் வாங்கி வருவோரும் உங்களில் பலர் இருப்பீர்கள். இத்தகைய வாசனை எண்ணெய்களை வடித்தெடுப்பது பற்றி நிறையப் பேசியாயிற்று. வீட்டில் எப்படிக் கையாள்வது என்பதை இன்று பார்ப்போம்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. நல்லெண்ணெயில் மூலிகைகளை இட்டுக் காய்ச்சுவதையும் தைலம் என்கிறோம். தழையின் மீது நீராவியைச் செலுத்தி வடித்தெடுப்பதையும் தைலம் என்கிறோம். முன்னதில் பெரும்பகுதி நல்லெண்ணெயே. பின்னதில் நல்லெண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது. 100 கிலோ எலுமிச்சைப்புல்லை வடித்தால் அரை கிலோ எண்ணெய் கிடைப்பதே நல்ல மகசூல். அப்படியானால் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய ஒரு கிலோ புல்லின் வாசனைப் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாலு இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோமே, எண்ணெயைக் குடித்தால் என்ன என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே வடித்த எண்ணெயை அப்படியே உடம்பில் தேய்க்காதீர்கள். 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 20 சொட்டு, அதாவது சுமார் 1 மில்லி, கலந்தால் போதும். முழங்கால் வலிக்குத் தேய்க்கும் பெரியவர்கள் 40 சொட்டு வரை கலக்கலாம். முதன்முறை தடவும்போது முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள். குளிக்கும் தண்ணீரில் சொட்டு விடுவது வீண் வேலை. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, அப்படியே தோலில் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சை, நாரத்தைத் தோலிலிருந்து பிழிந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் களை எடுக்கப் போனால் தோல் வெந்துபோகக் கூடும்.

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் மூக்கின் கீழ் யூகலிப்டஸ் தைலமோ கற்பூரத் தைலமோ தடவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டும், இதைக் கைவிடுங்கள். சின்னஞ்சிறு குழந்தைக்கு இதனால் மூச்சு அடைத்துக்கொள்ளக் கூடும். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம்.

வைக்கும் இடமும் முக்கியம். இந்த எண்ணெய்கள் எளிதில் தீப்பற்றும். அடுப்பு மேடை, சாமி விளக்கு இவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டுப்போகும். கெட்ட எண்ணெய் தோலை அதிகம் உறுத்தும். அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, பூட்டும் அலமாரியில் வையுங்கள். வடிப்பகம் வைத்திருப்போர் மிச்ச எண்ணெயைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டில் என்றால் குடிப்பதற்குத்தான். யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து; சில நிமிடங்களிலேயே மயக்கம், வலிப்பு வரலாம். கற்பூரமும் அப்படியே.

நான் உழவியல் பாடம் நடத்துபவன், மருத்துவன் அல்லன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை எண்ணெயைக் குடித்துவிட்டால் விரலை விட்டோ, உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் கேடு பெரிதாகும். பாலும் புகட்ட வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள். குடித்த குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.