முகமூடிக்கு இலக்கணம்

யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்த ஆசிரியர், ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்ன கையோடு, “இதை யார் சொன்னது? எதை வைத்துச் சொன்னார்?” என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் திட்டமாட்டார், நூலகத்துக்கு அனுப்பிவைப்பார். அந்தப் பழக்கத்தில்தான் ‘சூப்பர்ஹீரோ’ என்ற ஒரு சொல்லோடு இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அந்தச் சொல் எனக்குச் சிக்கலானது என் வீட்டுக் கூடத்தில். விடுமுறை நாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடி ரோல்பிளேயிங் கேம் ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசுவார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை உருளும். அன்றைக்கு வில்லன் பத்தாவது மாடி விளிம்பில் ஒற்றைக் கையில் தொங்கினான். “கையை மிதிச்சுத் தள்ளிடுறேன்” என்றான் ஒருவன். எதிரே இருந்த பெண் பகடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். “சூப்பர்ஹீரோ கொல்லக் கூடாது.” “யார் சொன்னா?” உடனே கைப்பேசி, விக்கிப்பீடியா. ஒரு பக்கத்தில் அவளுக்குச் சான்று கிடைத்தது. அதிலிருந்து தாவிப் போன இன்னொரு பக்கத்தில் அவனுக்கும் கிடைத்தது. ஆட்டம் அத்தோடு நின்றுபோனது.

இருவர் சொன்னதும் சரி, வேறு வேறு ஆண்டுகளில். 1938-இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு கிளீவ்லாந்து இளைஞர்கள் படைத்த சூப்பர்மேன் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்தபோது அவருக்குப் பறக்கத் தெரியாது. தாவுவார், ஒரு தாவலுக்கு எட்டில் ஒரு பங்கு மைல். அவரை வீழ்த்தும் கிரிப்டோனைட் 1943-இல் வானொலி நாடகத்தில் பிறந்து, 1949-இல்தான் காமிக்ஸுக்கு வந்தது. 1939-இல் வந்த முதல் பேட்மேன் கதையில் வில்லன் அவர் குத்தில் அமிலத் தொட்டிக்குள் விழுகிறான், பேட்மேன் வருந்துவதில்லை. மறு ஆண்டு விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடவும் செய்தார். பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தலையிட்டு, இனிக் கொலை கூடாது என்று நிறுத்தினார். அந்தப் பெண் பகடையை மூடிக் காத்த மரபு, பேட்மேன் கதையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் எடுத்த முடிவாகத் தொடங்கியது.

2006-இல் பீட்டர் கூகன் என்ற ஆய்வாளர் சூப்பர்ஹீரோவுக்கு மூன்று அடையாளங்களை வகுத்தார்: பிறர்நலக் கடமை, மீமானுட ஆற்றல், பெயரும் உடையுமாக ஒரு தனி அடையாளம். நல்ல வரையறை. ஆனால் நம்மவர்கள் 1972 முதல் முத்து காமிக்ஸில் கொண்டாடிய இரும்புக்கை மாயாவியை அதில் வைத்துப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும், ஆற்றல் இருக்கிறது. பிரிட்டிஷ் மூலத்தில் அவர் குற்றவாளியாகத்தான் அறிமுகமானார். கடமை பிற்பாடு வந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறார். அதனால் அவரை விட்டுவிட எனக்கு மனம் வராது.

விளையாட்டை வடிவமைத்தவர்கள் வரையறை எழுதிக்கொண்டிருக்கவில்லை. மரபைக் கணக்காக மாற்றினார்கள். 1981-இல் வந்த ‘சாம்பியன்ஸ்’ விளையாட்டில் அடிக்கு இரண்டு கணக்கு: மயக்கம் தனி, உடற்சேதம் தனி. ஒரு குத்துக்கு எதிரி மயங்கி விழுவான், சாகமாட்டான். காமிக்ஸ் பக்கத்தில் நாம் காண்பதும் அதுதானே! காப்பாற்றவேண்டிய ஓர் அத்தை, விடாமல் துரத்தும் ஒரு பகைவன், கொல்லமாட்டேன் என்ற உறுதி போன்ற சுமைகளை ஏற்றால் ஆற்றல் வாங்கக் கூடுதல் புள்ளி கிடைக்கும். 1984-இல் வந்த ‘மார்வல் சூப்பர் ஹீரோஸ்’ விளையாட்டில் ‘கர்மா’ என்றே ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. நாயகன் கொன்றால் சேர்த்த கர்மா முழுவதும் போய்விடும். இலக்கியத்தைப் பார்த்து இலக்கணம் செய்தவர்கள் என்று இவர்களை மனமாரச் சொல்வேன்.

இனிக் கைப்பேசியில் தெரிந்த அந்தக் களஞ்சியத்துக்கு வருவோம். விக்கிப்பீடியா தொடங்கியது 2001 ஜனவரி 15. 2005-இல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா அந்த ஆய்வை மறுத்தது. எனக்குக் கவலை தருவது எண்ணிக்கையைவிடப் பிழை பரவும் விதம். 2008-இல் ஒரு மாணவர் கோவாட்டி என்ற விலங்குக்கு ‘பிரேசிலிய ஆர்ட்வார்க்’ என்று ஒரு பெயரைத் தானாகவே சேர்த்துவிட்டார். பத்திரிகைகள் அதைப் பார்த்து எழுதின. பிறகு அந்தப் பத்திரிகைகளே அதற்குச் சான்றாயின. ஆண்டுக்கணக்கில் அது நின்றது.

அதற்காக அச்சில் வந்ததெல்லாம் மெய் என்று திரும்பிவிடவும் என்னால் முடியாது. பேட்மேன் கதைகளில் பல பத்தாண்டுகள் படைத்தவர் பெயராகப் பாப் கேன் என்ற ஒரு பெயரே நின்றது. முதல் கதையை எழுதியவரும், தோற்றத்தை அமைத்ததில் பெரும்பங்கு கொண்டவருமான பில் ஃபிங்கர் அங்கே இல்லை. 1965-இல் ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற ரசிகர் ஃபிங்கரை நேரில் சந்தித்துப் பேசி, உண்மையை எழுதி ரசிகர்களிடையே சுற்றுக்கு விட்டார். கேன் அதை மறுத்து எழுதினார். ஃபிங்கர் 1974-இல் இறந்துபோனார். 2015-இல்தான் அவர் பெயர் படைப்பாளர் வரிசையில் அதிகாரபூர்வமாக ஏறியது. சரியாக ஐம்பது ஆண்டுகள்! அத்தனை காலமும் உண்மை இருந்தது ரசிகர் கூட்டத்தின் கையில்.

ஆகவே கூட்டம் எழுதியது என்பதற்காக நான் ஒதுக்கமாட்டேன், அச்சானது என்பதற்காக ஏற்கவும் மாட்டேன். பெய்ல்ஸ் போய்க் கேட்டார். ஆர்ட்வார்க் எழுதியவர் கேட்கவில்லை. விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ‘வரலாறு’, ‘உரையாடல்’ என்று இரண்டு பக்கங்கள் உண்டு. எந்த வரியை எப்போது சேர்த்தார்கள், யார் மறுத்தார்கள் என்பது அங்கே கிடக்கிறது. அச்சுப் புத்தகம் இந்தச் சண்டையைக் காட்டாது. பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டு பக்கங்களைத் திறக்க மட்டும்தான்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தபோது வில்லன் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தான். கைப்பேசியை எடுக்கவில்லை. ஒரு கோடு போட்ட தாளை எடுத்து, ‘நம்ம கதையில யாரையும் கொல்றதில்ல’ என்று அந்தப் பெண் எழுதினாள். அவன் தாளை வாங்கி, ‘தப்பிச்சு வந்தா மறுபடி பேசுவோம்’ என்று கீழே சேர்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டான். அதற்குப் பின் தாள் பலமுறை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. அடித்த வரிகளும் படிக்கும்படியாகவே இருக்கின்றன. பகடை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.