கணக்கு உண்டு, ஜோசியம் இல்லை

(ஒரு கிராமத்து வாசகசாலைக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் யாரையும் கண்டிக்க வரவில்லை. ஒரு தப்பைத் திருத்திக்கொள்ளவே வந்திருக்கிறோம். அந்தத் தப்பும் பிறர் செய்ததல்ல. நாமே மேடைதோறும் செய்து வந்ததாகும்.

சில வருஷங்களுக்கு முன் இதே இடத்தில் கிரகணத்தைப் பற்றிப் பேசினோம். சூரியனைப் பாம்பு விழுங்குகிறது என்பது பொய்யென்றும், எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு மறையும் என்பதை வானசாஸ்திரிகள் ஐம்பது வருஷத்துக்கு முன்னமே கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறார்கள் என்றும் எடுத்துக்காட்டினோம். அத்தோடு நின்றிருந்தால் சரி. கைதட்டல் பலமாக இருந்தபடியால் ஒரு படி மேலேறி, "இதேபோல் இன்னும் கொஞ்ச நாளில் எந்த வருஷம் எந்தத் தேதியில் மழை என்பதையும் விஞ்ஞானம் சொல்லிவிடும்" என்று சொல்லிவிட்டோம். உடனே ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, கிரகணத்துக்கு அம்பது வருஷம் முன்னாடி சொல்றவங்க, அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி மழை உண்டா இல்லையான்னு ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டார். "பெரிய இயந்திரம் வந்தால் சொல்வார்கள்" என்று பதில் சொல்லி உட்கார்ந்தோம். தோழர்களே! அந்தப் பதில் தப்பு. நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்களல்ல. ஆனபடியால் அது தப்பென்று தெரிந்துகொள்ளவே நமக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

அந்தத் தப்பு நம்முடையது மாத்திரமல்ல என்பதில் நமக்குச் சிறிது ஆறுதல். பிரெஞ்சு தேசத்துப் பெரிய கணித அறிஞர் லாப்லாஸ் என்பவர் 1814-ல் வெளியிட்ட புத்தகத்தில், உலகிலுள்ள ஒவ்வொரு அணுவின் நிலையையும் வேகத்தையும் அறிந்த ஓர் அறிவு இருக்குமானால், அதற்கு எதிர்காலம் முழுவதும் கண்முன் நிற்கும் என்று எழுதினார். அதே தேசத்து புவான்காரே என்பவர்தான் இதில் முதல் ஓட்டையைக் கண்டவர். சுவீடன் அரசருடைய அறுபதாவது பிறந்த நாளை ஒட்டி 1889-ல் வழங்கிய பரிசு இவருக்குக் கிடைத்தது. சூரியன், பூமி, சந்திரன் போன்று மூன்று உருண்டைகள் ஒன்றையொன்று இழுத்தால் என்ன ஆகும் என்பதே இவர் எடுத்துக்கொண்ட கணக்கு. பரிசு பெற்ற கட்டுரை அச்சான பிறகு அதில் பெரும் பிழை இருப்பதை அவரே கண்டார். திருத்தி மறுபடி அச்சிட அவர் கைப்பணம் கொடுத்தது பரிசுப் பணமான 2,500 குரோனருக்கும் மேலே! 1890-ல் வெளிவந்த அந்தத் திருத்தத்தில்தான் இன்று 'கேயாஸ்' என்று உலகம் சொல்லும் சங்கதி முதன்முதல் தலைகாட்டிற்று. தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு கைக்காசையும் கொடுத்தவர் அவர். வேதத்தில் பிழை இருக்காதென்று தட்சணை வாங்குகிறவர்களை நீங்கள் அறிவீர்கள்.

நிற்க. அதற்கு எழுபது வருஷம் கழித்து நடந்ததைச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்டு லோரன்ஸ் என்ற வானிலை ஆராய்ச்சியாளர், ஒரு மேஜை அளவுள்ள கம்ப்யூட்டரில் பன்னிரண்டு சமன்பாடுகளைக் கொண்டு ஒரு பொம்மை வானிலையை ஓடவிட்டுப் பார்த்துவந்தார். 1961-ல் ஒரு நாள், ஏற்கனவே ஓடிய கணக்கின் ஒரு பகுதியை மறுபடி பார்க்க விரும்பி, காகிதத்தில் அச்சாகியிருந்த எண்களை எடுத்து இயந்திரத்தில் கொடுத்துவிட்டு, காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பழைய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் சம்பந்தமே இல்லை! பொம்மை உலகத்தில் இரண்டு மாதம் ஓடுவதற்குள் ஒன்றில் ஒரு வானிலை, மற்றதில் வேறொரு வானிலை. இயந்திரம் பழுது என்றே முதலில் நினைத்தார். பிறகுதான் விளங்கிற்று. இயந்திரத்தின் உள்ளே இருந்த எண் 0.506127. காகிதத்தில் இடம் மிச்சம் பிடிக்க அச்சானது 0.506. வித்தியாசம் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி வித்தியாசம் வளர்ந்து வானத்தையே மாற்றிவிட்டது.

அந்த இயந்திரத்துக்குக் கட்டளை எழுதிக் கொடுத்தவர்கள் மார்கரெட் ஹாமில்டன், எல்லன் ஃபெட்டர் என்ற இரு பெண்கள். 1963-ல் லோரன்ஸ் வெளியிட்ட பேர்போன கட்டுரையின் கணக்குகளையும் படங்களையும் தயாரித்தவர் ஃபெட்டர். ஹாமில்டன் பிற்பாடு சந்திரனுக்குப் போன அப்போலோ கப்பல்களின் கம்ப்யூட்டர் வேலைக்குத் தலைமை தாங்கினார். பெண்ணுக்குக் கணக்கு வராது என்று சொல்லும் தகப்பன்மார் யாராவது இங்கே இருந்தால் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

துளி எப்படி மலையாகும்? ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்றால் பத்து நாளுக்கு 5,000. இது நேர்கணக்கு. வயலுக்கு ஒரு மூட்டை உரம் போட்டால் பயிர் செழிக்கும். பத்து மூட்டை போட்டால் பத்து மடங்கா செழிக்கும்? கருகிப்போகும். இதுதான் நேரியலற்ற கணக்கு. உலகத்து விவகாரம் பெரும்பாலும் இரண்டாவது ஜாதி. (ஜாதி என்ற சொல்லுக்கு நமக்குத் தெரிந்த நல்ல உபயோகம் இது ஒன்றுதான்.)

நாம் சொல்வதை நம்ப வேண்டாம். வீட்டில் போட்டுப் பாருங்கள். வயலில் எத்தனை பூச்சிக்கு இடமுண்டோ அதை 1 என்று வையுங்கள். இப்போது இருப்பது 0.3 பங்கு. அதை 1-லிருந்து கழித்தால் 0.7. இரண்டையும் பெருக்கி நாலால் பெருக்கினால் அடுத்த தலைமுறைப் பூச்சி 0.84. அதையே மறுபடி 1-லிருந்து கழித்து, பெருக்கி, நாலால் பெருக்குங்கள். ராபர்ட் மே என்ற அறிஞர் 1976-ல் உலகத்துக்கு எடுத்துக்காட்டியது இத்தகைய கணக்கைத்தான். இனி 0.3-க்குப் பதில் 0.301 என்று தொடங்குங்கள். மூன்றாம் தடவை 0.994-ம் 0.996-ம் வரும், இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். ஏழாம் தடவை 0.872-ம் 0.765-ம். பத்தாம் தடவையோ ஒன்றில் 0.043, மற்றதில் 0.620! ஒரு வயலில் பூச்சியைத் தேட வேண்டும். மற்றதில் பயிரைத் தேட வேண்டும். நாம் முதலில் போட்டபோது கூட்டலில்தான் தப்பென்று நினைத்து ஒரு ராத்திரி முழுதும் திரும்பத் திரும்பப் போட்டோம்.

இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், எந்தப் படியிலும் எந்தச் சாமியும் கை வைக்கவில்லை. 0.3 என்று நூறு தடவை தொடங்கினாலும் நூறு தடவையும் அதே விடைதான். விதி ஒன்று அப்பட்டமாய் இருக்கிறது. ஆனால் முடிவை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஏனெனில் தொடக்கத்தை முடிவில்லாத துல்லியத்தோடு அளக்க எவராலும் முடியாது. "பார்த்தீர்களா, விஞ்ஞானத்துக்கு எட்டவில்லை, ஆகவே ஆண்டவன் செயல்" என்று ஓடிவருகிறவர்கள் இந்தப் பூச்சிக் கணக்கில் ஆண்டவன் எந்த வரியில் இருக்கிறார் என்று காட்டட்டும்.

லோரன்ஸ் 1972-ல் வாஷிங்டனில் பேசியபோது, பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சுழற்காற்று எழுமா என்று தலைப்பு வைத்திருந்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டு, நம் ஒவ்வொரு செய்கைக்கும் எங்கோ பலன் உண்டு, ஆகவே கர்மபலன் மெய் என்று பிரசங்கம் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் தலைப்பை மாத்திரம் படித்தவர்கள். சிறகடிப்பு சுழற்காற்றை எழுப்பக்கூடுமானால் எழவொட்டாமலும் தடுக்கக்கூடும் என்று அதே பேச்சில் லோரன்ஸ் சொல்லியிருக்கிறார். எந்தச் சிறகடிப்பு எதைச் செய்தது என்று கணக்கெழுதி வைக்க எந்தச் சித்திரகுப்தனாலும் ஆகாது.

ஜோசியரை விட்டுவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். அவருடைய கிரகங்களுக்கே இந்தக் கதி உண்டு. கிரகணக் கணக்கு பொய்க்காததற்குக் காரணம், வானத்தில் பிசகு மிக மெதுவாக வளர்வதுதான். பூமியின் இருப்பிடத்தை இன்று 15 மீட்டர் தப்பாக அளந்தால், பத்துக்கோடி வருஷம் கழித்து அது தன் பாதையில் எந்தப் பக்கம் இருக்குமென்று சொல்ல முடியாது என்று லஸ்கார் என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி கணக்கிட்டிருக்கிறார். ஏழரை வருஷம் பிடிப்பதாகச் சொல்கிறார்களே, அந்தச் சனிக்கு ஹைப்பீரியன் என்று கோணல்மாணலான ஒரு சந்திரன் உண்டு. அது சீராகச் சுழலாமல் தாறுமாறாக உருளும் என்று விஸ்டம் முதலிய மூவர் 1984-ல் எழுதினார்கள். எங்கிருக்கும் என்று சொல்லலாம். சில மாதம் கழித்து எந்தப் பக்கம் பார்த்துப் புரளும் என்று சொல்ல முடியாது. தன் சொந்தச் சந்திரன் விஷயமே இப்படியிருக்க, உங்கள் பெண்ணின் கலியாணத்தையா சனி நிர்ணயிக்கப் போகிறது?

இவையெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்றும் எண்ணவேண்டாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் உண்டு. முரளி, லட்சுமணன், சுவா என்ற மூவர் பெயரால் வழங்கும், சில சாமான்களாலான எளிய மின்சுற்று ஒன்று 1994-ல் வெளிவந்தது. கேயாஸை மேஜைமேல் காட்டும் கருவி அது.

அன்று கேள்வி கேட்ட பெரியவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லுகிறோம். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு அப்பால், இன்ன தேதியில் மழை என்று சொல்ல எவ்வளவு பெரிய இயந்திரத்தாலும் ஆகாது. அதற்குள் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. ஐரோப்பிய வானிலை மையம் 1992 முதல் தொடக்க எண்களை வேண்டுமென்றே சற்றுச் சற்று மாற்றிப் பல தடவை கணக்கை ஓடவிடுகிறது. ஐம்பது தடவை ஓடவிட்டதில் முப்பத்தைந்தில் மழை வந்தால் நூற்றுக்கு எழுபது என்கிறார்கள். நூற்றுக்கு எழுபது என்ற அன்று மழை பெய்யாவிட்டால் டீக்கடையில் சிரிக்கிறீர்கள். மீதி முப்பதையும் அவர்கள்தானே சொன்னார்கள்? தனக்கு எவ்வளவு தெரியாது என்பதை அளந்து சொல்கிற பஞ்சாங்கம் ஒன்றை நமக்குக் காட்டுங்கள். நெல்லைக் களத்தில் காயவைக்கிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் அந்த எழுபது தேவை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதியைச் சொல்கிறேன் என்று வருகிறவருக்கு மாத்திரம் காசு கொடுத்துவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் பூச்சிக் கணக்கைக் கரும்பலகையில் போடலாம். 0.3-ஐப் பெரியவர் போடட்டும், 0.301-ஐ நாம் போடுகிறோம். சாக்கட்டி இருக்கிறதா என்று காரியதரிசி பார்த்துச் சொல்ல வேண்டுகிறோம்.